கடலோரக் கார், கைப்பட்டறை: வாசகர் கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்கள் எல்லாரும் 60-ஐத் தாண்டியவர்கள், சொந்தக் கையால் கார் பார்க்க நினைப்பவர்கள். மதுரைக்காரருக்குச் சொல்லும் பதிலை மண்டபத்துக்காரருக்கு அப்படியே சொல்ல முடியாது. இங்கே காரைத் தின்பது ஓட்டம் இல்லை, உப்பு.

67 வயது. பத்து வருடத்து ஆல்டோ. சின்ன வேலைகளை நானே பார்க்கலாம் என்றால், "இந்த வயசுல காருக்கு அடியில போய்ப் படுக்காதீங்க" என்று வீட்டில் சத்தம் போடுகிறார்கள். எதைச் செய்யலாம், எதை விடலாம்?
— தேவிபட்டினம் வாசகர்

வீட்டில் சொல்வது பாதி சரி. நின்றுகொண்டோ முக்காலியில் உட்கார்ந்தோ முடிகிற வேலை உங்களுடையது. படுத்துச் செய்கிற வேலை பட்டறைக்காரருடையது. அப்படிப் பிரித்தாலே பேட்டரி, ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பல்பு, பியூஸ், வைப்பர், கூலண்ட், டயர், கதவுத் துரு, எர்த் வயர் எல்லாம் உங்கள் பக்கம் வந்துவிடும். பிரேக் லைன், கிளட்ச், சஸ்பென்ஷன், பெட்ரோல் குழாய் நாலையும் தொட வேண்டாம்.

ஜாக்கி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தரையைப் பாருங்கள். மணலில் ஜாக்கி சாயும், அது நேராகச் சாயாமல் பக்கவாட்டில் சாயும் என்பதுதான் ஆபத்து. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பலகையை மணலில் நன்றாக அமுக்கி, அதன்மேல் ஜாக்கியை வையுங்கள். எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் கழற்றிய சக்கரத்தைக் கதவுப் படிக்குக் கீழே படுக்கவைத்துத் தள்ளிவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல்தான் உட்காரும். இது சக்கரம் மாற்றுவதற்கான காப்பு மட்டும். இதை நம்பி உள்ளே தலையை விடக் கூடாது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து வேலை செய்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். முக்காலியில் அரை நிமிடம் உட்கார்ந்து, பிறகு பானட்டைப் பிடித்து எழுந்திருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் செருப்போடு வேலை செய்யாதீர்கள். சைலன்சரில் சுட்டதும் ஆணி குத்தியதும் காலுக்குத் தெரியாது. தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்குங்கள், கையில் பிடிக்கும் டார்ச்சைவிடப் பத்து மடங்கு உபயோகம். வேலை காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள். பத்து மணிக்கு மேல் பானட்டைத் தொட முடியாது.

ஸ்பேனரில் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகள் இருந்தால் நம்மூர்ச் சின்னக் கார்களில் முக்கால்வாசி வேலை ஓடிவிடும். அவற்றை டிக்கியில் போட்டுவைக்காதீர்கள். ஆயில் துணியில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். மூன்று மாதம் டிக்கியில் கிடந்த சாக்கெட் துருப் பிடித்து நட்டில் நுழையாது.

பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிட்டோம். ஆனாலும் சில நாள் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே சத்தம், அதோடு சரி. சில நாள் முதல் திருப்பிலேயே எடுக்கிறது. இனி எதை மாற்றுவது?
— பாம்பன் வாசகர்

எதையும் மாற்றுவதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள். இந்தக் கடற்கரையில் நல்ல பேட்டரிகளும் நல்ல செல்ஃப் மோட்டார்களும் வீணாகத் தூக்கி எறியப்படுவது இந்த ஒரு வயரால்தான்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், அங்கிருந்து இன்ஜின் அல்லது கியர்பாக்ஸுக்கும் கனமான வயரோ பின்னல் பட்டையோ போகும். வெளியே ரப்பர் நன்றாகவே இருக்கும். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். பாடியில் அது போல்ட் போட்ட இடத்தில் பெயிண்ட்டுக்குக் கீழே உப்பு புகுந்து துரு கட்டியிருக்கும். ஹெட்லைட்டுக்கு நாலைந்து ஆம்பியர் போதும், அதனால் லைட் பளிச்சென்று எரியும். செல்ஃப் இழுப்பது 100 ஆம்பியர் என்று வையுங்கள். அந்தத் துருவின் தடை 0.02 ஓம் இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே செத்துப்போகும். செல்ஃபுக்கு மிஞ்சுவது "டக்" சத்தம் மட்டும். ஈரக் காற்றடிக்கும் காலையில் ஒரு மாதிரி, வெயில் ஏறியதும் ஒரு மாதிரி இருப்பதற்கும் காரணம் இதுதான்.

மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ஜம்ப் கேபிளில் கறுப்பு ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில், மறு முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத வெற்று உலோகத்தில் கவ்வ விடுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் இடத்துக்குக் கேபிள் போகக் கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். சிணுங்கிய வண்டி குதித்து எழுந்தால் குற்றவாளி எர்த் வயர்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு ஊசியைப் பேட்டரி நெகட்டிவின் ஈயத் தலையிலேயே குத்துங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு ஊசி இன்ஜினின் வெற்று உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் பழுது. பிறகு சிவப்பு ஊசியை மட்டும் நகர்த்துங்கள்: முதலில் கிளாம்ப், அடுத்து பாடி, கடைசியில் இன்ஜின். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் துரு. ஈயத் தலைக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே குதித்தால் கழற்றித் தேய்த்தாலே போதும், வயரை மாற்ற வேண்டியதில்லை.

சரிசெய்ய: 10 ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். பாடியில் இருக்கும் எர்த் போல்ட்டை எடுத்து, வயர் முனை உட்காரும் வட்டத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேயுங்கள். வயர் முனையின் இரண்டு பக்கமும், போல்ட்டின் தலையின் கீழும் அப்படியே. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு இறுக்குங்கள். பெட்ரோலியம் ஜெல்லியை இறுக்கிய பிறகு மேலே பூசுங்கள். முதலிலேயே நடுவில் அப்பி இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம், மண்ணும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வயரின் ரப்பர் முனையை லேசாக உரித்துப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் வயரையே மாற்றிவிடுங்கள்.

மகன் துபாயில் இருக்கிறான். அவன் வரும்போது எடுக்க ஒரு கார் நிற்கிறது. வருடத்தில் பத்து மாதம் ஷெட்டில்தான். ஒவ்வொரு தடவையும் பேட்டரி போய்விடுகிறது. வாரம் ஒரு நாள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே?
— கீழக்கரை வாசகி

அந்த ஐந்து நிமிடம்தான் கெடுக்கிறது, அம்மா. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம் ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பி ஏறுவதில்லை. சைலன்சரில் வெந்நீராவி தண்ணீராக நின்று உள்ளிருந்தே துரு வைக்கும். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாராவது ராமநாதபுரம் வரை ஓட்டிவிட்டு வரட்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாமல் முறையாக நிறுத்திவையுங்கள்.

கணக்கு இது. பூட்டிய காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 35 ஆம்பியர் மணி பேட்டரியை 30 மில்லி ஆம்பியர் குடித்தால் 48 நாளில் காலி. காலியாகக் கிடக்கும் பேட்டரியின் தகடு சல்பேட் படிந்து மீளவே மீளாது.

நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் திறக்க வேண்டும். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று மகனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதம் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுசு. 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே நிற்கும் கடற்காற்றிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும். டயரில் வழக்கத்தைவிட 5 பவுண்ட் கூடுதல் காற்று. ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மகன் வந்ததும் டயர் காற்றை அளவுக்கு இறக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது. வெந்நீர் ஊற்றினால் போதுமா?
— உச்சிப்புளி வாசகர்

வெந்நீர் கழுவும், அமிலத்தை அடக்காது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கும் வரை. மூடியின் ஓட்டைக்குள் சோடா இறங்கிவிடக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், படிக்கிற கண்ணாடி போதாது. ஒரு டெர்மினலில் மட்டும் மாதாமாதம் பூத்தால் அந்தத் தலையைச் சுற்றி ஆசிட் கசிகிறது. சோடா வாங்கும் காசைப் புது பேட்டரிக்குச் சேர்த்துவையுங்கள்.

கதவின் அடிப்பக்கம் துரு. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் போட்டும் ஆறு மாதத்தில் கொப்புளம் மாதிரி எழும்புகிறது. இரண்டு தடவை செலவு செய்தாயிற்று. நானே பார்க்கலாமா?
— தங்கச்சிமடம் வாசகர்

பார்க்கலாம். பொறுமையும் நேரமும் வேண்டிய வேலை, ஓய்வு பெற்றவர் கையில்தான் அது உருப்படும். பட்டறைக்காரருக்கு மாலைக்குள் வண்டியை விட்டாக வேண்டும், துரு அந்த அவசரத்தைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

கொப்புளம் வெளியே தெரிந்தாலும் துரு தொடங்குவது உள்ளே. கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேற அடி விளிம்பில் மூன்று நான்கு துளைகள் உண்டு. இங்கே கச்சான் காற்று கிளப்பும் மணல் அந்தத் துளைகளை அடைக்கும். மணலும் உப்பும் தண்ணீரும் சேர்ந்து களிம்பாகி மாதக்கணக்கில் தகட்டை ஒட்டிக் கிடக்கும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் உள்ளிருந்து அரித்து வந்துவிடும்.

முதலில் துளை. பனை ஈர்க்கால் குத்தி மணலை உதிர்த்து விடுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் பெயிண்ட்டைக் கீறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரப்பர் விளிம்பு வழியாக நல்ல தண்ணீர் அரை லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். துளையில் கலங்கலாக வந்து தெளியும் வரை மறுபடி மறுபடி. வீட்டுப் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவுவது வீண் வேலை. காவிரிக் குழாய்த் தண்ணீரோ குடத்தில் பிடித்த மழைத் தண்ணீரோ எடுங்கள்.

அடுத்து வெளிப்பக்கம். பட்டியும் பெயிண்ட்டும் முழுக்கப் போக 80 எண் உப்புத்தாளால், கொப்புளத்தைத் தாண்டி இரண்டு அங்குலம் நல்ல தகடு தெரியும் வரை தேயுங்கள். முகத்துக்கு முகமூடி. தகட்டில் ஊசி குத்தியதுபோல் கறுப்புக் குழிகள் இருக்கும். பட்டறையில் தவறுவது இந்த இடத்தில்தான். குழிக்குள் உப்பு இருக்கிறது, தேய்த்தால் போகாது. நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே துணியால் ஒற்றி, முடி உலர்த்தும் டிரையரால் காயவைத்து, கால் மணி நேரம் உற்றுப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்து வெளுத்திருக்க, குழி மட்டும் மறுபடி ஈரமாகக் கறுத்தால் உப்பு இன்னும் உள்ளே இருந்து காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது என்று அர்த்தம். மறுபடி கழுவுங்கள். மூன்று தடவைகூட ஆகலாம்.

குழி கறுப்பது நின்றதும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விடுங்கள். செந்துரு கறுப்பாக மாறும். அதன்மேல் எபாக்சி பிரைமர் மெல்லிய கோட் இரண்டு. பட்டி தேவைப்பட்டால் பிரைமருக்கு மேலே, மெல்லிசாக. பட்டி ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சும், வெறும் தகட்டில் போட்டுவிட்டு "நாளைக்கு பெயிண்ட்" என்று விட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். பட்டியைத் தேய்த்து மூடிய அன்றே மறுபடி பிரைமர், அதன்பின் கலர், கடைசியில் கிளியர். ஒவ்வொரு கோட்டும் காய விட்டு. கடைசியாகக் கதவின் உட்பக்கத்துக்கு, துளை வழியாக நீள மூக்கு வைத்த மெழுகு ஸ்பிரே. அடித்தபின் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று ஈர்க்கால் பாருங்கள்.

இதற்கு மாசி, பங்குனி நல்ல மாதம். ஆடிக் காற்றில் ஈரப் பெயிண்ட் மேல் மணலும் உப்பும் ஒட்டும், ஐப்பசி கார்த்திகையில் மழை. பனி காய்ந்தபின், தகடு கை வைக்கும் சூட்டில் இருக்கும்போது, சுவர் மறைவில் அடியுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் புதிய பாம்பன் ரயில் பாலத்தையே பாருங்களேன். 2025 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலத்தின் இரும்புக்கு பாலிசிலாக்சேன் மேற்பூச்சு வரை அடுக்கடுக்காகக் கொடுத்திருக்கிறார்கள். 1914-ன் பழைய பாலத்தில் துரு பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம்.

ஒரு எல்லை மட்டும். படிக்குக் கீழ்ப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் போல்ட் பிடிக்கும் தகடு இவற்றை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டியும், முனையால் குத்தியும் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தாலோ முனை உள்ளே போனாலோ அது பூச்சு வேலை இல்லை, வெல்டிங் வேலை. நீங்கள் தொடக் கூடாது.

காரின் அடியில் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடித்தால் துரு வராதாமே?
— பெரியபட்டினம் வாசகர்

ஆயில் பட்ட இடத்தில் துரு தாமதமாகும், ரப்பர் புஷ் பட்ட இடத்தில் உப்பி இளகும், பிரேக் ஷூவில் பட்டால் கார் நிற்காது, சைலன்சரில் பட்டால் புகையும். மீதி மண்ணில் சொட்டி, மழையில் கடலுக்குப் போகும். எதிரே இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. பழைய ஆயிலைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், மறுசுழற்சிக்கு வாங்குபவர்கள் அங்கே வருவார்கள். அடிப்பாகத்துக்கு மாதம் இரு முறை நல்ல தண்ணீர் பீய்ச்சுவதே பாதி மருந்து. தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்தால் அன்றைக்கே. மறுநாள் என்று விட்டால் உப்பு ராத்திரி ஈரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும்.

டயர் பஞ்சர் ஆனால் நட்டைக் கழற்ற முடியவில்லை. 62 வயது, தனியாகத்தான் ஓட்டுகிறேன். காரோடு வந்த ஸ்பேனரில் ஏறி நின்றும் பார்த்துவிட்டேன்.
— மண்டபம் வாசகி

ஏறி மட்டும் நிற்காதீர்கள். ஸ்பேனர் வழுக்கினால் கணுக்கால் போய்விடும். குறை உங்கள் கையில் இல்லை, ஸ்பேனரின் நீளத்தில் இருக்கிறது. சின்னக் கார்களின் வீல் நட்டை 80 முதல் 90 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குவார்கள். 85 என்று வைத்தால், ஒரு அடி நீள ஸ்பேனரில் சுமார் 28 கிலோ அழுத்த வேண்டும். இரண்டு அடியில் 14 அல்லது 15 கிலோ, ஒரு குடம் தண்ணீரின் எடை. டயர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கியிருந்தால் இதுவே இரண்டு மடங்காகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் "கையாலேயே இறுக்குங்க" என்று நின்று சொல்லுங்கள்.

இரண்டு அடிக் கைப்பிடி, அதற்கு 19 அல்லது 21 ஆழச் சாக்கெட், எது உங்கள் நட்டோ அது, வாங்கி டிக்கியில் வையுங்கள். முன்பு சொன்ன ஆயில் துணிச் சுற்றோடு. சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். சக்கரத்தைப் பார்த்து நின்று கைப்பிடி இடப் பக்கம் கிடையாக நீட்டும்படி மாட்டி, நேரான கையால் உடம்பு எடையைக் கீழே கொடுங்கள். மேலே இழுத்தால் இடுப்பு பிடிக்கும். அரைச் சுற்று தளர்ந்தால் போதும், பிறகு ஜாக்கி. திரும்ப மாட்டும்போது கைப்பிடி வலப் பக்கம், எதிரெதிர் நட்டாக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை பாருங்கள். நட்டின் மரையில் கிரீஸ் தடவாதீர்கள். அதே பலத்துக்கு அளவுக்கு மீறி இறுகி போல்ட் இழுபடும். துரு பிடித்து சக்கரம் ஒட்டிக்கொள்வது ஹப்பின் முகத்தில்தான், அங்கே மெல்லிய பூச்சு கிரீஸ் போதும்.

கருவேல முள் தைத்து மெல்லக் காற்று இறங்குகிறது. டியூப்லெஸ் டயர். நானே அடைக்கலாமா?
— சாயல்குடி வாசகர்

மண் படும் பகுதியில் என்றால் தாராளமாக. பக்கச் சுவரில் என்றால் கூடாது. முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிடுங்கள், முக்காலியில் உட்கார்ந்தே வேலை முடியும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். முள்ளை இடுக்கியால் அது நுழைந்த சாய்விலேயே இழுக்க வேண்டும். சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து நிற்கும், நுனி வந்ததா என்று பாருங்கள். அரத்தை அதே சாய்வில் பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்கி, பசை தடவிய ரப்பர் திரியைப் பாதி வரை செருகி, ஊசியை வெடுக்கென்று இழுங்கள். வெளியே 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒரு முள் தைத்த டயரில் இன்னும் இரண்டு இருக்கும், முழுக்க ஒரு சுற்றுப் பாருங்கள்.

ரேடியேட்டருக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் இத்தனை வருடமாக ஊற்றுகிறோம். இப்போது சூடாகிறது.
— ஏர்வாடி வாசகர்

சூடாகத்தான் செய்யும். கிணற்று உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து குழாயை அடைக்கும், குளோரைடு அலுமினியத்தை ஓட்டை போடும். இன்ஜின் முழுக்க ஆறியபின் மட்டும் மூடியைத் திறங்கள். வடித்துவிட்டு டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை இப்படியே. பிறகு கூலண்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி, சின்னக் காருக்கு மொத்தம் 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். ஏற்கெனவே தண்ணீர் கலந்தது என்று கேனில் போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அளவு பாருங்கள், காற்று வெளியேறி இறங்கியிருக்கும். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் ஆர்ஓ கேன் தண்ணீர் ஊற்றி வீடு சேருங்கள். வடித்த கூலண்ட் இனிக்கும், விஷம். ஆடும் நாயும் நக்கிவிடும், வாசலில் விடாதீர்கள். இதெல்லாம் செய்தும் சூடானால் தெர்மோஸ்டாட், ஃபேன், ஹெட் கேஸ்கட் என்று போகும். அது பட்டறை.

ஒரு வாரம் நின்ற கார் பின் சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டு வருகிறது. ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருக்கிறது.
— தொண்டி வாசகர்

பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கிறது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி லேசாக அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் "படக்" என்று விடும். விடாவிட்டால் ரப்பர் சுத்தியலால் டிரம் முகத்தில் சுற்றிலும் தட்டுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து இழுத்தால் ஷூவின் லைனிங் பிய்ந்து உள்ளேயே கிடக்கும். அடிக்கடி இப்படி ஆனால் கேபிள் உறைக்குள் துருப் பிடித்துத் திரும்பி வரவில்லை, கேபிள் மாற்ற வேண்டும். கழுவியபின் நிறுத்துவதற்கு முன் நாலைந்து தடவை பிரேக் போட்டு ஈரத்தை உலர்த்துங்கள்.

ஆயில் மாற்ற அடியில் போகாமல் வழி உண்டா?
— வாலிநோக்கம் வாசகர்

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாக உறிஞ்சும் கைப்பம்பு கிடைக்கிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு இளஞ்சூட்டில் உறிஞ்சுங்கள். கொதிக்கிற ஆயிலில் குழாய் இளகும். அடியில் கொஞ்சம் மண்டி தங்கும் என்பதால் ஒரு முறை பம்பு, அடுத்த முறை பட்டறையில் பிளக் திறந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஃபில்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் நீங்கள் மாற்றுங்கள். புது ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, தொட்டபின் முக்கால் சுற்று, கையால் மட்டும். பழைய வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் மொத்த ஆயிலும் ரோட்டில். சின்னக் காருக்கு 3 லிட்டர் சுமார். முதலில் இரண்டரை ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மேல் கோட்டுக்குள் நிறுத்துங்கள். எந்த ஆயில் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் கார் கையேட்டில் பாருங்கள். ஓட்டம் குறைவென்றாலும் வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் உண்டு. பானட்டைத் திறக்கலாமா?
— ராமேஸ்வரம் வாசகர்

அணைத்த இன்ஜினில் வேலை செய்யலாம். ஓடும் இன்ஜின் மேல் குனியாதீர்கள். பிளக் காயில் இருக்கும் பக்கத்திலிருந்து நெஞ்சு ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஜம்ப் கேபிள் போடும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள். நட்டு பொறுக்கும் காந்தத்தைச் சட்டைப் பையில் போடாதீர்கள். கையுறை இல்லாமல் தகட்டு ஓரம் எதையும் தொட வேண்டாம். கீறினால் சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. தொடங்கும் முன் உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கருவியின் வகை அவருக்குத்தான் தெரியும்.